வலம்புரி நகரின் தர்க்கச் செயலாளர்

சிட்லபாக்கம் ஏரிக்குக் கிழக்கே இருக்கும் வலம்புரி நகர் குடியிருப்போர் நலச் சங்கம், தொடங்கிய நாள் முதல் ஒரு தவறும் செய்ததில்லை. சங்கத்தின் ஆண்டறிக்கையே இதைச் சொல்கிறது. ஆண்டறிக்கையை எப்படி நம்புவது என்று கேட்டால், அது ஒரு தவறும் செய்யாத சங்கம் வெளியிட்டது என்பதே பதில்.

அந்த நகரின் மூன்றாவது குறுக்குத் தெருவில் வீடு கட்டிக் குடிவந்தவர் சுப்பராயலு. பாரிமுனையில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் குமாஸ்தா. மனைவி காந்திமதி, நான்காம் வகுப்பு படிக்கும் மகள் காமு. வேறு எதிலும் இடம் கிடைக்காததால் கல்லூரியில் தத்துவம் படித்தவர் அவர். அதில் தர்க்கம் என்று ஒரு பாடம் இருந்தது. போலி வாதங்களை எப்படி அடையாளம் காண்பது என்பதை அதில் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த ஒரு பாடத்தில் மட்டும் அவர் முதல் வகுப்பு. அதற்குப் பிறகு உலகத்தில் யாரும் அவரிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

நகருக்கென்று ஓர் ஆழ்துளைக் கிணறும் ஒரு மேல்நிலைத் தொட்டியும் இருந்தன. துலுக்காணம் என்ற பம்ப் ஆபரேட்டர் காலையும் மாலையும் வால்வைத் திறந்தால் வீட்டுக் குழாய்களில் தண்ணீர் வரும். 1989ஆம் வருடத்து மழை ஓய்ந்த பிறகு அந்தத் தண்ணீரில் ஒரு வாடை வந்தது. சாம்பாரில் பெருங்காயம் கூடிவிட்டது என்று சில நாள் வீட்டுக்கு வீடு பெண்கள் திட்டு வாங்கினார்கள். பிறகு தண்ணீர் வெளிறிய மஞ்சள் நிறத்தில் வந்தது. பெருங்காயம் விடுதலையானது.

காந்திமதி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக் கணவரிடம் கொடுத்தாள்.

"சங்கத்துல காட்டிட்டு வாங்க. காட்டினா போதும். ஒண்ணும் பேச வேணாம்."

சங்க அலுவலகம் பிள்ளையார் கோயிலை ஒட்டிய ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் இருந்தது. தலைவர் பொன்னுசாமி ஓய்வுபெற்ற துணை இயக்குநர். எந்தத் துறையில் என்பது யாருக்கும் ஞாபகமில்லை. துணை இயக்குநர் என்பது மட்டும் வீட்டுப் பெயர்ப்பலகையில் இருந்தது. பக்கத்தில் செயலாளர் சிட்டிபாபு மினிட்ஸ் எழுதத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

"சார், தண்ணி ஒரு மாதிரியா வருது" என்று சுப்பராயலு பாட்டிலை மேஜைமேல் வைத்தார்.

சிட்டிபாபு பாட்டிலைப் பார்க்கவில்லை. சுப்பராயலுவைப் பார்த்தார். "சுதந்திர தினத்துக்குக் கொடியேத்த வந்தீங்களா?"

"இல்ல சார். அன்னைக்குக் குழந்தைக்கு ஜுரம்."

"கொடிக்கு வராதவர் தண்ணிக்கு மட்டும் வந்திருக்கார் சார்" என்று சிட்டிபாபு தலைவரிடம் சொன்னார்.

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "போன மழைக்கு உங்க வீட்டு வாசல்ல சாக்கடை தேங்கி நின்னுது. நானே பார்த்தேன். சங்கத்துத் தண்ணியைப் பத்திப் பேச உங்களுக்கு என்ன யோக்கியதை இருக்கு?"

"அது வேற தண்ணி சார். நான் சொல்றது குழாயில..."

"அப்போ சங்கம் வேணும்னே விஷம் கலக்குதுன்னு சொல்றீங்க?"

"ஐயோ, நான் அப்படிச் சொல்லவேயில்லையே சார்!"

"எழுதிக்குங்க சிட்டிபாபு. விஷம்னு குற்றம் சாட்டினார், கேட்டதும் வாபஸ் வாங்கினார்." தலைவர் மேஜைமேல் இருந்த வெள்ளிக் கூஜாவிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, அண்ணாந்து கடகடவென்று குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். "இந்த நகர் உண்டான நாளா தண்ணி குடிக்கிறேன். செத்தேனா?"

"இல்ல சார்."

"அப்புறம்?"

சுப்பராயலு பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். நியாயமாக அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது சந்தோஷம். வீட்டுக்குள் நுழையும்போதே, "காந்தி! ஒரே நேரத்துல எத்தனை போலி வாதம் தெரியுமா!" என்றார். "விஷயத்தை விட்டுட்டு ஆளைத் தாக்குறது. நீ மட்டும் ஒழுங்கான்னு திருப்பிக் கேக்குறது. நான் சொல்லாததைச் சொன்னதா வெச்சுக்கிட்டு அதைப் போட்டு அடிக்கிறது. கடைசியில, ஒருத்தர் சாகலை, அதனால யாரும் சாக மாட்டாங்கன்னு முடிக்கிறது. பாடத்துல இருந்த அதே வரிசையில வருது!"

"தண்ணி என்ன ஆச்சு?"

"அதைப் பத்திப் பேச்சு வரலை."

"தலைவர் குடிக்கிற கூஜாத் தண்ணி அவங்க வீட்டுக் கிணத்துது. அவங்க வீட்டுல சங்கத்துக் குழாயே கிடையாது. வேலை செய்யுற அம்மா தினமும் தூக்கிட்டுப் போறதைத் தெருவே பாக்குது."

"அப்படியா!" சுப்பராயலுவின் முகம் மேலும் மலர்ந்தது. "தனக்கு வேண்டிய சாட்சியை மட்டும் பொறுக்கிக் காட்டுறது. அதுவும் பாடத்துல உண்டு."

காந்திமதி ஸ்டவ்வைப் பம்பு அடித்தாள். ரேஷன் கெரசின் வாரத்துக்குள் தீர்ந்துபோகும் என்று தெரிந்தே குடிக்கிற தண்ணீரைக் காய்ச்ச ஆரம்பித்தாள்.

பொங்கலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, ஆரம்பப் பள்ளிக் கொட்டகையில் பொதுக்குழு கூடியது. யாரோ ஒருவர், தண்ணீரைக் கிண்டி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிப் பரிசோதித்தால் என்ன என்று கேட்டுவிட்டார். கேட்டவர் யார் என்று மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் உட்கார்ந்துவிட்டார். அப்போது வாசல் பக்கத்திலிருந்து துலுக்காணம் எழுந்தார்.

"சார், தொட்டி மூடி ஒடஞ்சி ரொம்ப நாளாவுது சார். புறா பூந்துகினு உள்ளாற செத்துக் கெடக்குது. நான் ரெண்ட எடுத்துப் போட்டேன். ஏணி துரு புடிச்சிப் பூடுச்சு, அடில இன்னா கீதுன்னு எனக்கே தெரில. மஞ்சாக் காமாலைல என் வூட்டுக்காரி படுத்த படுக்கையா கீது சார்."

அவரும் மனைவி முனியம்மாவும் பம்ப் அறையிலேயே குடியிருந்தார்கள். தொட்டித் தண்ணீர் முதலில் இறங்குவது அந்த அறைக் குழாயில்தான்.

"நீ எது வரைக்கும் படிச்சிருக்கே?" என்று தலைவர் கேட்டார்.

"நான் இன்னாத்த படிச்சேன் சார். கைநாட்டு."

"தண்ணியைப் பத்திப் பேசணும்னா படிச்சிருக்கணும். என் மருமகன் பஹ்ரைன்ல இன்ஜினியர். போன்ல சொன்னார், நம்ம நகர்த் தண்ணி மாதிரி அங்கே கிடைக்கவே கிடைக்காதுன்னு."

"என்ன இன்ஜினியர் சார்?" என்று ஒரு குரல்.

"லிஃப்ட்" என்றார் தலைவர் பெருமையாக. பிறகு மைக்கை இழுத்து வைத்துக்கொண்டார்.

"நண்பர்களே, தாய்மார்களே! டெஸ்ட் பண்ணலாம்கிறாங்க. நல்லது. இன்னைக்குத் தண்ணியை அனுப்புவோம். நாளைக்கு மண்ணை அனுப்பச் சொல்லுவாங்க. மறுநாள் கமிட்டியோட வரவு செலவை அனுப்பச் சொல்லுவாங்க." இந்த இடத்தில் மேடையில் இருந்தவர்கள் நெளிந்தார்கள். "அதோட நிப்பாங்களா? உன் பிள்ளை உன் பிள்ளைதானான்னு டெஸ்ட் பண்ணச் சொல்லுவாங்க! நம்ம தாய்மார்களை அந்த நிலைமையில கொண்டுபோய் நிறுத்தணுமா? தண்ணி கெட்டதுன்னு இதுவரைக்கும் யாராவது நிரூபிச்சிருக்காங்களா? இல்லை. அப்போ அது நல்ல தண்ணி. நல்ல தண்ணியை எதுக்கு டெஸ்ட் பண்ணணும்? சங்கம் வேணும்கிறவங்க கையைத் தூக்குங்க. டெஸ்ட் வேணும்கிறவங்க வேற நகர் பாத்துக்கலாம்."

கைகள் எழுந்தன. தண்ணீர் தூய்மையானது என்று பெரும்பான்மை வாக்கில் முடிவாயிற்று.

சுப்பராயலு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, தலைவர் வாயிலிருந்து விழுந்த ஒவ்வொன்றையும் மனதுக்குள் பெயர் சொல்லிப் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஒன்றிலிருந்து ஒன்றாக இழுத்துக் குழியில் தள்ளும் வாதம். சம்பந்தமில்லாத நிபுணரைக் கூப்பிடும் வாதம். இரண்டே வழி என்று மிரட்டும் வாதம். துலுக்காணம் சொன்னதை ஆதரித்து ஒரு வார்த்தை பேசலாம் என்று இடையில் ஒருமுறை தோன்றியது. அதற்குள் தலைவர் இன்னொரு வாதத்தைத் தொடங்கிவிட்டார். அதை விட்டுவிட மனம் வரவில்லை.

தை மாதக் கடைசியில் முனியம்மா ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள்.

சங்கம் இரங்கல் கூட்டம் போட்டது. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ரொம்ப வருத்தம். ஆனா ஒண்ணு சொல்லியாகணும். நம்ம தண்ணியைக் குடிச்சு நம்ம நகர்வாசி யாரும் சாகல. முனியம்மா நகர்வாசி இல்லை. பம்ப் ரூம் நகரோட லேஅவுட்லயே வராது."

மாசியில், இரண்டாவது தெருவில் ஒரு போர்ஷனில் வாடகைக்கு இருந்த தபீதாள் டீச்சர் இறந்தார். அவரிடம் ட்யூஷன் படித்த பிள்ளைகள் சவப்பெட்டியைச் சுற்றி நின்று அழுதன. வாடகைக்கு இருப்பவர் உண்மையான நகர்வாசி ஆக மாட்டார் என்று சிட்டிபாபு விளக்கினார். உண்மையான நகர்வாசிக்கு நகரில் சொந்த மனை இருக்கும். பங்குனியில் சொந்த மனையும் மாடிவீடும் வைத்திருந்த ரங்கன் இறந்தார். அவர் தொடர்ந்து இரண்டு பொதுக்குழுவுக்கு வராததால் உண்மையான நகர்வாசி என்ற தகுதியை இழந்திருந்தது தெரியவந்தது. படுக்கையில் கிடந்ததால் வர முடியவில்லை என்று அவர் மனைவி சொல்லிப் பார்த்தாள். காரணம் எதுவானாலும் விதி விதிதான் என்றார்கள்.

ரங்கனின் பத்தாம் நாள் காரியத்துக்குப் போய்விட்டு வந்த மாலை, காமு வாந்தி எடுத்தாள். காந்திமதி அவளை ஜன்னல் பக்கம் நிறுத்தி இமையை விலக்கிப் பார்த்தாள். விழி எலுமிச்சைத் தோல் மாதிரி இருந்தது.

"காய்ச்சின தண்ணிதானே கொடுத்தே?" என்று சுப்பராயலு கேட்டார்.

"குடிக்கத்தான் காய்ச்சினேன். பல் தேய்ச்சு வாய் கொப்பளிக்கிற தண்ணியைக் காய்ச்சலையே. கெரசின் ஏது?"

சானடோரியம் ஸ்டேஷன் அருகே கிளினிக் வைத்திருந்த டாக்டர், "தண்ணியாலதான் வருது. இந்தப் பக்கத்திலிருந்து வர்றவங்க எல்லாருக்கும் இதேதான்" என்று சொல்லி, எண்ணெய், உப்பு எல்லாம் நிறுத்தச் சொன்னார். காமு சுருண்டு படுத்து, அப்பா வந்தால் மட்டும் கண்ணைத் திறந்து பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் சுப்பராயலு வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு முடிவெடுத்தார். அடுத்த பொதுக்குழுவில் எழுந்து பேசுவது.

சித்திரையில் கூட்டம் நடந்தது. அவர் பேசினார். நன்றாகவே பேசினார். தலைவரும் செயலாளரும் இதுவரை சொன்ன ஒவ்வொரு வாதத்தையும் எடுத்து, அது ஏன் போலி என்று பிரித்துக் காட்டினார். பெரியவர் சொன்னார் என்பதால் ஒன்று உண்மையாகிவிடாது என்றார். நிறையப் பேர் கை தூக்கினால் அது நிஜமாகிவிடாது என்றார். கண்ணீரைக் காட்டி வாதத்தை ஜெயிக்கக் கூடாது என்றார். நீங்கள் கூட்டம் போட்ட பிறகுதான் மழை நின்றது என்று போன மாதம் சொன்னீர்களே, ஒன்றுக்குப் பின்னால் ஒன்று வந்தால் முதலாவது இரண்டாவதற்குக் காரணம் ஆகிவிடுமா என்று கேட்டார். பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள்.

தலைவர் வெகு நேரம் தலையாட்டிக்கொண்டிருந்தார். நல்ல மாணவனின் முகம் அவருக்கு.

"பிரமாதம் சார். இவ்வளவு நாள் இது எனக்குத் தெரியாமப் போச்சு. ஒரே ஒரு சந்தேகம். உங்க பொண்ணுக்கு உடம்பு சரியில்லை. காரணம் தண்ணின்னு எப்படிச் சொல்றீங்க?"

"குடிச்ச பிறகுதானே சார் வந்தது?"

"ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு வந்தா முதலாவது காரணம் ஆகாதுன்னு இப்பதானே சொன்னீங்க?"

"டாக்டர் சொன்னார் சார்."

"பெரியவர் சொன்னார்ங்கிறதால உண்மையாகிடாதுன்னீங்க."

"மூணு பேர் செத்திருக்காங்க! தெருவுக்குத் தெரு படுத்திருக்காங்க!"

"நிறையப் பேருங்கிறது ஆதாரம் இல்லைன்னீங்க."

"என் குழந்தை சார்..." சுப்பராயலு கையால் கண்ணைத் துடைத்தார்.

"கண்ணீர்" என்று தலைவர் மென்மையாகச் சொன்னார். சிட்டிபாபு எழுதிக்கொண்டார்.

பெண்கள் பக்கத்திலிருந்து காந்திமதி எழுந்தாள். "எதுக்கு சார் இவ்வளவு பேச்சு? ஒரு பாட்டில் தண்ணியை எடுத்துட்டுப் போய்ப் பாத்துட்டா தெரிஞ்சிடுமே!"

கொட்டகை முழுவதும் அவளைப் பார்த்தது. தலைவர் சுப்பராயலுவின் பக்கம் திரும்பி, மிகுந்த மரியாதையோடு கேட்டார். "சார், நீங்கதான் படிச்சவர். உங்க மிசஸ் சொன்னது எந்த வகை வாதம்?"

கேள்வி சரியாக இருந்தது. இருபது வருடமாக அவரிடம் யாரும் கேட்காத கேள்வி. சுப்பராயலு தன்னை அறியாமல் யோசித்தார். "அது... வாதமே இல்ல சார். அது ஒரு யோசனை."

"வாதமே இல்லைன்னு கணவரே ஒத்துக்கிட்டார்" என்று சிட்டிபாபு எழுதினார். காந்திமதி கணவரை ஒருமுறை பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

மறு வாரம் தலைவரும் செயலாளரும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வீட்டுக்கு வந்தார்கள். சங்கத்தில் தர்க்கச் செயலாளர் என்று ஒரு பதவியை உருவாக்கியிருப்பதாகவும், சுப்பராயலுவைத் தவிர அதற்குத் தகுதியானவர் தாம்பரம் வட்டாரத்திலேயே இல்லை என்றும் சொன்னார்கள்.

"உள்ளே இருந்தாத்தான் திருத்த முடியும், காந்தி" என்றார் சுப்பராயலு, அவர்கள் போன பிறகு.

"இது என்ன வாதம்?" என்று அவள் கேட்டாள்.

அவருக்குச் சட்டென்று பெயர் வரவில்லை.

அலுவலகத்தில் அவருக்குக் கைப்பிடி வைத்த நாற்காலி போட்டார்கள். பெயர்ப்பலகை வைத்தார்கள். 'போலி வாதம்' என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து கொடுத்தார்கள். ஞாயிறு காலைகளில் வரும் புகார்களை அவர் படித்துப் பிழை கண்டுபிடிப்பார். பிழை இல்லாத புகார் வரவில்லை. மக்கள் கோபத்தில் எழுதுகிறார்கள், அழுதுகொண்டே எழுதுகிறார்கள், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை எழுதுகிறார்கள். நேரில் வந்தவர்களுக்கு எது ஏன் பிழை என்று பொறுமையாக விளக்கினார். அவர்கள் தலை குனிந்து போனார்கள். சிலர் அவரை 'சார்' என்பதற்குப் பதில் 'புரபசர்' என்று கூப்பிட்டார்கள். அந்த வார்த்தை அவருக்குச் சட்டைப்பையில் வைத்த மல்லிகைப்பூ மாதிரி வீட்டுவரைக்கும் மணத்தது.

துலுக்காணம் ஒருநாள் வந்து நின்றார். "சார், எம் பொஞ்சாதி செத்துப் பூட்டா. நான் இன்னா எழுதணும்னு நீங்களே சொல்லு சார். யாரையாச்சும் வுட்டுத் தப்பு இல்லாம எழுதிக் குடுத்துர்றேன்."

சுப்பராயலு அவரை உட்காரச் சொன்னார். ஒருவர் இறந்தார் என்பது தகவல், வாதம் அல்ல என்பதை எளிய தமிழில் எடுத்துச் சொன்னார். துலுக்காணம் கடைசிவரை கேட்டுவிட்டு, "இத்த அவ இருக்கச் சொல்லோ சொல்லி இருந்தீங்கன்னா சிரிச்சிருப்பா சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். மறுநாள் பம்ப் அறைச் சாவி பிள்ளையார் கோயில் உண்டியல்மேல் இருந்தது. வால்வைத் திறக்கச் சங்கம் வேறு ஆளைப் போட்டது.

காமு தேறினாள். மறுபடியும் பள்ளிக்கூடம் போனாள். ஆனி மாதத்தில் மீண்டும் பசியில்லை என்றாள். காந்திமதி அன்றே இரண்டு பாட்டில்களைச் சுத்தமாகக் கழுவி, குழாய்த் தண்ணீரைப் பிடித்து, தனியாக ரயிலேறிக் கிண்டிக்குப் போனாள். கொஞ்ச நாள் கழித்து அறிக்கை வந்தது. மனிதக் கழிவு கலந்திருக்கிறது, குடிக்கத் தகுதியற்றது என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது.

அதை அவள் கணவரிடம் வீட்டில் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, வலது கையில் அறிக்கையும் இடது கையில் காமுவுமாக, அலுவலகத்துக்கு வந்து மற்றவர்களோடு வரிசையில் நின்றாள். தோளில் ஒரு துணிப்பை தொங்கியது. தலைவரும் செயலாளரும் இருந்தார்கள்.

சுப்பராயலு படித்தார். அவர் முகம் வெளுத்தது. தலைவர் கூஜாவைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, "உங்க அபிப்ராயம் என்ன, புரபசர்?" என்று மட்டும் கேட்டார். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் அவரையே பார்த்தார்கள்.

"பரிசோதிச்சது ரெண்டு பாட்டில்" என்றார் சுப்பராயலு மெதுவாக. "தொட்டி கொள்ளளவு பெரிசு. சிறு மாதிரியை வெச்சு மொத்தத்தையும் முடிவு பண்றது... அவசரப் பொதுமைப்படுத்தல்." சொல்லி முடித்ததும் அது பாடத்தின்படி சரியாக இருப்பது அவருக்கே தெரிந்தது. கை தானாக ஸ்டாம்ப்பை எடுத்து மையில் ஒற்றி அறிக்கைமேல் குத்தியது.

"அற்புதம்" என்றார் தலைவர்.

காந்திமதி அறிக்கையைத் திரும்ப எடுக்கவில்லை. மேஜைமேல் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

"தர்க்கச் செயலாளரைக் கேக்கல. இவளோட அப்பாவைக் கேக்குறேன். இவ இந்தத் தண்ணியைக் குடிக்கலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லுங்க."

காமு அப்பாவைப் பார்த்தாள். கண் லேசாக மஞ்சளித்திருந்தது.

"அந்தக் கேள்வியே தப்பு காந்தி" என்றார் சுப்பராயலு. "குடிக்கலாம், கூடாதுன்னு ரெண்டே வழிதான் இருக்குன்னு நீ எடுத்துக்குறே. நடுவுல எவ்வளவோ இருக்கு. உதாரணத்துக்கு..."

அவர் உதாரணங்களைச் சொன்னார். விளக்கம் நன்றாக இருந்தது, வரிசையில் இருந்த சிலர் தலையாட்டினார்கள். அவர் நிமிர்ந்து பார்த்தபோது எதிரே அடுத்த புகார்க்காரர் நின்றிருந்தார். காந்திமதியும் காமுவும் அதற்குள் சானடோரியம் ஸ்டேஷனுக்கே போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தார். அலமாரியில் இருவரின் துணிமணிகள் இல்லை. அடுக்களையில் காய்ச்சிய தண்ணீர் வைக்கும் எவர்சில்வர் குடம் கவிழ்த்து வைத்திருந்தது. காலையிலிருந்து பேசியதில் அவருக்குத் தொண்டை வறண்டிருந்தது. ஸ்டவ்வை எப்படிப் பற்றவைப்பது என்று அவருக்குத் தெரியாது. மாலையில் குழாயில் தண்ணீர் வந்ததும் ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தார். வாடை அவ்வளவாக இல்லை என்று பட்டது. ஆனால் ஒரு டம்ளரை வைத்து மொத்தத் தொட்டியையும் எடைபோடுவது முறையல்ல. அதனால் இன்னொரு டம்ளர் பிடித்துக் குடித்தார்.